இடப்பக்கம் வெளுத்த பறவை

அத்தியாயம் 4

எங்கள் ஊர் அருங்காட்சியக வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் சிங்கத்தின் விலை அறுபது பறவைகள். ஐரோப்பிய மியூசியம் ஒன்றிலிருந்து பாடம் செய்த சிங்கம் வந்தது, இங்கிருந்து அறுபது பறவைகள் பஞ்சு அடைத்துக் கப்பலேறிப் போயின. வரிக்குதிரைக்கு நாற்பது. முதலைக்கு இருபத்தைந்து, அதுவும் வால் ஒட்டுப்போட்ட முதலை. 1889-ல் இந்தக் கட்டடத்தைக் கட்டிய ஆம்ப்ரோஸ் டன்ஸ்டர் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர் தரருவா மலைக்காட்டில் சுடாமல் விட்டது தன் சொந்தக் குதிரையை மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஊர் நடுவே அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. அந்தச் சிலைக்குப் புறாக்கள் செய்யும் மரியாதையைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாங்கள் மூன்று பேர் சிங்கத்தைத் தாண்டி உள்ளே போனோம். முன்னால் ஹில்டா கால்டர். இருபத்தாறு வருஷம் வெலிங்டன் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர், ஓய்வு பெற்ற மறு வாரமே துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். பின்னால் நான், பெர்ட் மூனி, முன்னாள் பஸ் டிரைவர், இந்நாள் உதவியாளர். எனக்குப் பின்னால் எங்கள் கட்சிக்காரர் மெரேயானா ஹகராயா. அறுபத்திரண்டு வயது, கறுப்புக் கோட்டு, மார்போடு அணைத்தபடி துணி சுற்றிய ஒரு போட்டோ.

போட்டோவில் இருப்பவர் அவருடைய தாத்தா பவோரா. இந்த மண்ணின் ஆதிகுடிகளான மெரேயானாவின் மாவோரி ஜனங்களில் யார் இறந்தாலும் படம் குலக்கூடத்துச் சுவரில் ஏறும். கல்யாணமோ சாவோ, கூடத்தில் நடப்பதையெல்லாம் அவர்களும் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பவோராவின் படம் மட்டும் ஏறவில்லை. அவர் இறந்து நாற்பத்தைந்து வருஷமாகத் துணி அலமாரியில் கிடக்கிறது.

காரணம் ஒரு பறவை. ஹூயா. பெரிய தலைவர்கள் மட்டும் தலையில் செருகிய இறகு அதனுடையது. இப்போது அந்த இனமே பூமியில் கிடையாது. இந்தக் கட்டடத்தின் இழுப்பறை ஒன்றில் ஒரு பெண் ஹூயா இருக்கிறது. அதன் காலில் கட்டிய சீட்டு, 'கடைசி ஹூயா. 1923. சுட்டவன் பவோரா ஹகராயா' என்கிறது. நான் சுடவில்லை என்று அந்த மனிதர் சாகும்வரை சொன்னார். சீட்டில் எழுதியிருந்ததால் சொந்த ஜனமே அவரை நம்பவில்லை.

அன்று மூன்று மணிக்கு அந்தச் சீட்டின் வாசகத்தைப் பித்தளைப் பலகையில் பொறித்துப் புதுக் காட்சிக்கூடத்தில் திறப்பதாக இருந்தது.

"பொய்னா நிறுத்துங்க. நிஜம்னா நிஜம்னு சொல்லிடுங்க, படத்த அலமாரியிலயே வெச்சுடறேன்" என்று மெரேயானா எங்களிடம் சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது. கோர்ட்டுப் பதிவு, பழைய பத்திரிகை, மலைக்குடிசை என்று மூன்று நாளும் அலைந்தோம். என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பாக்கியிருந்தது பறவை ஒன்றுதான்.

நடைவழியில் ஒரு கண்ணாடிப் பெட்டியருகே மெரேயானா நின்றார். உள்ளே நீளமான செதுக்குவேலைப் பெட்டி. தலைமுறை தலைமுறையாக அவர் குடும்பம் ஹூயா இறகுகளைப் பாதுகாத்து வைத்த பெட்டி.

"எங்களோடது. ஐம்பத்தாறுல நான்தான் கொண்டுவந்து குடுத்தேன்" என்றார். "தாத்தா செஞ்ச பாவத்துக்கு நாம ஏதாவது திருப்பிச் செய்யணும் இல்லையா? ஐரிஸ்தான் யோசனை சொன்னா. இங்க இருந்தா பத்திரமா இருக்கும்னு."

ஐரிஸ் பெல்லாமி பறவைப் பிரிவின் பொறுப்பாளர். ஐம்பத்து நாலிலிருந்து இந்தக் கட்டடத்தின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். மெரேயானாவுக்கு முப்பது வருஷத் தோழி. எங்கள் விலாசத்தைக் கொடுத்து அவரை அனுப்பியதும் ஐரிஸ்தான். படியிறங்கி ஓடிவந்து மெரேயானாவைக் கட்டிக்கொண்டார்.

"என்னடி மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு? காலைல ஏதாவது சாப்பிட்டியா?"

"டீ குடிச்சேன்டி."

"டீ சாப்பாடா? பெர்ட், மேஜை மேல இஞ்சி பிஸ்கட் இருக்கு. நீங்களும் எடுத்துக்கோங்க. இவளையும் ரெண்டு திங்க வைங்க."

எனக்கு ஐரிஸை ரொம்பப் பிடிக்கும். பிஸ்கட்டுக்காக மட்டும் இல்லை. இந்த ஊரில் மாவோரி ஆட்களை உள்ளே விடாமல் பறவையை மட்டும் உள்ளே வைத்திருந்த ஒரு காலம் இருந்தது. அதை மாற்றியவர் ஐரிஸ். இழுப்பறை அறை வாசலில் மெரேயானா நின்று, இறந்த பறவைகளிடம் தன் மொழியில் தாழ்ந்த குரலில் பேசினார். அவர் முடிக்கும்வரை ஐரிஸ் தலைகுனிந்து நின்றார். அந்த வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியும்.

உள்ளே அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. ஐரிஸ் இழுப்பறையை இழுத்தார். வெள்ளைத் துணிமேல் ஹூயா மல்லாந்து கிடந்தது. தந்தம்போல நீண்டு வளைந்த அலகு, கண் இருந்த இடத்தில் பஞ்சு, வால் நுனியில் அகலமான வெள்ளைப் பட்டை. நான் தொப்பியைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"எப்பலேர்ந்து இந்த இழுப்பறைல இருக்கு?" என்றார் ஹில்டா.

"மலைலேர்ந்து வந்த நாள்லேர்ந்து. பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு. 1923-ல வந்தது, நேரா இழுப்பறை. வெளிச்சமே பட்டதில்ல. வெளிச்சம்தான் எங்களுக்கு முதல் எதிரி."

"ரெண்டாவது?"

"அந்துப்பூச்சி. மூணாவது பள்ளிக்கூடப் பிள்ளைங்க."

ஹில்டா கையுறை மாட்டிக்கொண்டு பறவையை மெதுவாகப் புரட்டினார். "பெர்ட், இந்த வலப்பக்கம் என்ன கலரு?"

"கறுப்பு. பச்சை மினுமினுப்பு."

"இடப்பக்கம்?"

நான் குனிந்து பார்த்தேன். "பால் ஊத்தாத டீ."

"ஏன்?"

"இழுப்பறைக்குள்ள வெயில் அடிச்சிருக்கு அம்மணி. அதுவும் ஒரு பக்கம் மட்டும்." ஹில்டாவைச் சீண்டும்போது மட்டும் நான் அம்மணி என்பேன்.

ஹில்டா சிரிக்கவில்லை. பறவையின் பாதங்களைத் திருப்பினார். இரண்டு பாதத்தின் அடியிலும் ஊசி நுழையும் அளவுக்குத் துளை.

"இது கம்பி போன ஓட்டை. யாரோ இதக் கம்பில ஏத்திக் கிளைமேல நிக்க வெச்சிருக்காங்க. நின்ன இடத்துல வெயில் இடப்பக்கமா அடிச்சிருக்கு, பல வருஷம். அப்புறம் கம்பிய உருவி, கண்ணாடிக் கண்ணப் பிடுங்கி, படுக்க வெச்சிருக்காங்க. வால் இறக எண்ணு."

எண்ணினேன். "பதினொண்ணு."

"ஹூயாவுக்குப் பன்னிரண்டு இருக்கணும்" என்றார் ஐரிஸ். இடுப்புச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். "இடமிருந்து மூணாவது இல்ல. பழைய பறவைல இறகு உதிர்றது சகஜம்தான். ஆனா இந்த வெளுப்பு... எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. முப்பத்திரண்டு வருஷமா பாத்துட்டிருக்கேன்."

ஹில்டா அவரிடம் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, காலில் கட்டிய சீட்டை முன்னும் பின்னும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தால் நேரமாகும். அந்த இடைவெளியில் நான் கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன்.

ஆண்கள் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் டன்ஸ்டர் குடும்பப் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். போகும்போது அவசரம். வரும்போதுதான் பார்த்தேன். பார்த்ததும் ஆணியிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.

"கைய கழுவினியா?" என்றார் ஹில்டா.

"கழுவினேன். கழுவிட்டுத்தான் திருடினேன். பாருங்க."

டன்ஸ்டர் வீட்டுத் தாழ்வாரம். கிழவர் ஆம்ப்ரோஸ் கைத்தடியோடு நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி, குதிரைப் பந்தயத்துக்குப் புறப்பட்ட கோலத்தில், தாம்பாளம் மாதிரி தொப்பி வைத்துக்கொண்டு. பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னல் கண்ணாடிக்குள்ளே கிளைமேல் ஒரு ஹூயா, இடப்பக்கத்தை வெளிப்புறம் காட்டியபடி. வாலை விசிறியாக விரித்து வைத்திருக்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது இடத்தில் ஓட்டை.

"பன்னிரண்டாவது இறகு எங்கன்னு கேளுங்க" என்றேன்.

"எங்க?"

"அம்மா தொப்பில."

வெள்ளை நுனியோடு ஒற்றை இறகு, தொப்பிக்கு மேல் விறைப்பாக நின்றது. படத்தின் கீழே மையில் எழுதியிருந்தது: 'கிறிஸ்துமஸ், 1904.'

மெரேயானா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்படின்னா... தாத்தா..."

"1904-லயே டன்ஸ்டர் வீட்டு ஜன்னல்ல நின்ன பறவைய 1923-ல உங்க தாத்தா எப்படிச் சுடுவார்?" என்றார் ஹில்டா. "அதுக்கு அது ரெண்டாவது தடவ சாகணும்."

ஐரிஸ் ஓடிப்போய் மெரேயானாவின் காலடியில் உட்கார்ந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். இந்தத் தொழிலில் நல்ல சேதி சொல்லும் நாள் குறைவு.

"பலகை இன்னைக்குத் திறக்கக் கூடாது" என்றார் ஹில்டா. "மியூசியத் தலைவருக்குப் போன் பண்ணிச் சொல்றீங்களா ஐரிஸ்?"

"இப்பவே." ஐரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இருடி, வரேன். வரும்போது டீயும் கொண்டு வரேன்."

அவருடைய காலடிச் சத்தம் படியிறங்கி மறைந்தது. ஹில்டா கதவைச் சாத்தினார்.

"போதுமா மெரேயானா? கூடத்துல படம் ஏறுமா?"

மெரேயானா துணிக்குள்ளிருந்த சட்டத்தின் விளிம்பைத் தடவினார். "பெரியவங்க கேப்பாங்க. துப்பாக்கி புடிக்கலைன்னா என்ன, டன்ஸ்டருக்கு மலைல வழி காட்டினது பவோராதானேன்னு. ஹூயா எந்த ஓடைல இருக்குன்னு வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்? நம்ம ஆள் காட்டாம தெரியாது. தாத்தா அவருக்கு வழிகாட்டியா போனது உண்மை. அத யாரும் மறுக்க முடியாது."

"அதான் எனக்கும் தோணுச்சு. பாதி உண்மையோட உங்கள வீட்டுக்கு அனுப்ப முடியாது. இந்தப் பறவைக்கு உண்மையான சீட்டு ஒண்ணு இருந்திருக்கணும். வாங்க, இங்க பாருங்க."

சீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்கப் பழுப்பு ஏறிய பசை. பசையில் வேறொரு காகிதத்தின் நார் அங்கங்கே ஒட்டியிருந்தது.

"1923-ல கிழவர் போயாச்சு. மகன் சிரில் கைக்கு மியூசியம் வந்தாச்சு. ஊர் பேர் வெளிய தெரியணும்னா ஒரு 'கடைசி ஹூயா' வேணும். ஆனா அது சுடக் கூடாத பறவை, சட்டம் வந்து எத்தனையோ வருஷமாச்சு. சொந்தப் பேரப் போட முடியாது. அப்பாவோட பழைய பறவைய எறக்கி, அப்பா எழுதின சீட்டு மேலயே புதுசா ஒண்ண ஒட்டி, மலைக்கு வழிகாட்ற ஒரு மாவோரி பேரப் போட்டுட்டான்."

"மேலயே ஒட்டிட்டானா? அவுத்துட்டுக் கட்டக்கூட வலிச்சிருக்கு" என்றேன். "பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் ஷூக் கயிறக்கூட வேலைக்காரிதானே அவிழ்த்திருப்பா."

"இப்ப ரெண்டாவது சீட்டு மட்டும் இருக்கு. கீழ இருந்தது இல்ல. யாரோ தண்ணில ஊற வெச்சு நிதானமாப் பிரிச்சிருக்காங்க. பிரிச்சவங்க பொய்யான சீட்ட மறுபடி கால்ல கட்டிட்டாங்க. துறைமுகத்துல நாங்க பெட்டிக்குள்ள என்னன்னு பாக்கறதுக்கு முன்னாடி, கட்டு யார் கட்டினதுன்னு பாப்போம். நூலப் பாரு பெர்ட்."

பார்த்தேன். மெல்லிசாக, பளபளவென்று, வெள்ளையாக இருந்தது. மற்ற பறவைகளின் கால்களிலெல்லாம் அழுக்கேறிய பருத்தி நூல்.

"நைலான்" என்றேன். "1923-ல நைலான் ஏது? யுத்த காலத்துல அமெரிக்கச் சிப்பாய்ங்க குடுத்த காலுறைலதான் இந்த ஊர் நைலானையே பாத்துது. எங்க அத்தை இன்னிக்கும் அதப் பத்திப் பேசுவா. மாமாதான் பேச மாட்டார்."

"ஆக, யுத்தத்துக்கு அப்புறம் பிரிச்சது. அப்புறம்னா எப்ப? இந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. மேஜைமேல் நான் பாதி கடித்து வைத்த இஞ்சி பிஸ்கட் இருந்தது.

மெரேயானா எழுந்து நின்றார். "யாரச் சொல்றீங்க?"

ஹில்டா சாத்திய கதவைப் பார்த்தார்.

"ஐரிஸையா? எங்கம்மா செத்தப்போ மூணு நாள் எங்க கூடத்துல தரைல படுத்திருந்தவ அவ. என் மகளுக்குப் பேர் வெச்சவ. தாத்தாவப் பத்தி நான் எத்தன தடவ அவகிட்ட அழுதிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க வேலை முடிஞ்சுது மிஸ் கால்டர். தாத்தா சுடலைன்னு காட்டிட்டீங்க. நன்றி. என் தங்கச்சியப் பத்தி இந்த மாதிரி பேச வேண்டாம்."

"நான் சொல்றது தப்பா இருந்தா, உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போறேன். ரெண்டு நிமிஷம் குடுங்க."

"என்ன செய்யப் போறீங்க? பழைய சீட்ட எப்பவோ அடுப்புல போட்டிருப்பாங்க" என்றேன். உண்மையில் அது அடுப்பில் போயிருக்க வேண்டும் என்றுதான் அந்த நிமிஷம் ஆசைப்பட்டேன்.

"நீயா இருந்தா அடுப்புல போட்டிருப்ப. நானா இருந்தா கடல்ல போட்டிருப்பேன். ஆனா இங்க வேலை பாக்கறவங்க பொய் சொல்லுவாங்க, சீட்ட மட்டும் கிழிக்க மாட்டாங்க. கை வராது. பெத்த பிள்ளையக் கிழிக்கற மாதிரி." ஹில்டா அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஒளிச்சு வைக்கக்கூட அவங்களுக்கு ஒரே ஒரு எடம்தான் தெரியும். எந்த நம்பரோ அந்த நம்பர்ல. ஹூயா நம்பர் என்ன?"

"ஆயிரத்து நூத்து இருபத்து மூணு" என்று இழுப்பறையில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

சுவரோரம் பச்சை இரும்பு அலமாரி. 'அகற்றிய சீட்டுகள்' என்று நெற்றியில் எழுதியிருந்தது. பூட்டுகூட இல்லை. நான்தான் இழுத்தேன். உறைகள் நம்பர் வரிசையில், முனை மடங்காமல் அணிவகுத்து நின்றன. 1121 ஒரு மீன்கொத்தி. 1122 ஒரு கிளி. 1123.

சின்னப் பழுப்பு உறை. அதை ஹில்டாவிடம் நீட்டினேன். ஹில்டா மெரேயானாவிடம் நீட்டினார்.

"உங்க தாத்தா விஷயம். நீங்களே திறங்க."

மெரேயானா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். உள்ளே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சீட்டு. கிழவர் டன்ஸ்டரின் சாய்ந்த கையெழுத்து. மெரேயானா உரக்கப் படித்தார்.

"'பெண் ஹூயா. 1894 ஆகஸ்ட் 9. என் துப்பாக்கி. வழிகாட்டி பவோரா, பறவைகள் இருக்கும் ஓடையைக் காட்ட மறுத்தான். எவ்வளவு சொல்லியும் கேளாமல் பாதி மலையில் என்னை விட்டுத் திரும்பிப் போனான். நாயை வைத்துத் தேடி...'"

மேலே படிக்க முடியவில்லை. சீட்டை நெஞ்சில் வைத்து அமுக்கிக்கொண்டார். பிறகு திடீரென்று சிரித்தார், கண்ணீர் வழிய வழிய. "மறுத்திருக்கார்! பாத்தீங்களா? இருபது வயசுப் பையன்! பெரிய துரைய நடுமலைல விட்டுட்டு வந்திருக்கார்!"

"நல்ல பையன்" என்றேன். "டன்ஸ்டருக்கு அன்னிக்கு ஷூவெல்லாம் சேறாகியிருக்கும்."

அந்தச் சந்தோஷத்தை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் கிளம்பியிருக்கலாம். ஹில்டாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அந்த ஆசை இருந்தது தெரிந்தது. ஆனாலும் சொன்னார்.

"உறைய திருப்பிப் பாருங்க மெரேயானா."

உறையின் பின்பக்கம் பென்சிலில், ஒரு எழுத்துகூடக் கோணாமல் எழுதியிருந்தது: '1123-லிருந்து அகற்றியது. ஐ. பெல்லாமி. 14 மார்ச் 1955.'

பொய்யை மறைக்கும்போதும் அவர் தேதி போட்டிருக்கிறார், கையெழுத்துப் போட்டிருக்கிறார். பயிற்சி அப்படி. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை ஒழுங்கு தெரிந்த மனுஷிக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் போனதே.

மெரேயானாவின் உதடு மட்டும் அசைந்தது. "ஐம்பத்தஞ்சு." அப்புறம் கொஞ்சம் சத்தமாக, "நான் பெட்டியக் குடுத்தது ஐம்பத்தாறு."

கதவு திறந்தது. தட்டில் நான்கு கோப்பைகளோடு ஐரிஸ் வந்தார்.

"தலைவர் ஒத்துக்கிட்டார்! பலகை இல்ல. இன்னைக்கு இல்ல, என்னைக்குமே..."

பச்சை அலமாரி திறந்து கிடந்தது. மெரேயானாவின் கையில் உறை. ஐரிஸ் தட்டை மேஜைமேல் வைத்தார். கீழே போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தார்.

"மெரே" என்றார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பெட்டியக் குடுத்த அன்னிக்கு நான் கீழ நின்னு அழுதேன். எங்க ஜனம் பண்ணின பாவத்துக்கு இது ஈடாகுமான்னு கேட்டேன். நீ என் கையப் பிடிச்சிட்டிருந்த. அன்னிக்கு உனக்குத் தெரியுமா?"

ஐரிஸ் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "தெரியும்."

"தெரிஞ்சேதான் வாங்கின."

"எனக்கு அப்போ இருபத்தொன்பது வயசு. டன்ஸ்டர் குடும்பம்தான் கட்டடத்த நடத்திட்டிருந்தாங்க. சிரில் பொய் சொன்னான்னு வெளிய வந்தா மூடிடுவாங்கன்னு நெனச்சேன். ரெண்டாயிரம் பறவை. யார் வீட்டுக் கொல்லைலயாவது எரிச்சிருப்பாங்க. கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். அப்புறம் நீ பெட்டியோட வந்து நின்ன. அப்புறம் நீ எனக்கு... நீ என் உயிராயிட்ட. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவ உன் வீட்டு வாசல் ஏறும்போதும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் வருவேன்."

"வந்து சாப்பிட்டுட்டுப் போவ."

ஐரிஸ் முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்க விலாசத்த ஏன் குடுத்தீங்க?" என்றார் ஹில்டா. "நாங்க கண்டுபிடிச்சிடுவோம்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்த நீங்க நெனச்சா எப்பவோ கழட்டியிருக்கலாம். இந்த அலமாரிய இன்னிக்குப் பூட்டியிருக்கலாம்."

"பித்தளைல போடப் போறாங்கன்னு தெரிஞ்சதும் தூக்கமே வரல. காகிதம்னா அழியும். பித்தளை அழியாது." மூடிய கைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "என் வாயால சொல்ல முடியல. வேற யாராவது சொல்லிடட்டும்னு..."

மெரேயானா சீட்டை உறைக்குள் வைத்தார். உறையைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். போட்டோவைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மடித்தார். மீசைகூட முளைக்காத ஒரு இளைஞன் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தான். அவனைத் திருப்பி ஐரிஸைப் பார்க்கும்படி பிடித்தார்.

"ஞாயித்துக்கிழமை மதியம் இவர் கூடத்துல ஏறுறார். எல்லாரும் வருவாங்க. நீ பெட்டியத் தூக்கிட்டு வா. சுவர் முன்னாடி எழுந்து நின்னு, எந்த வருஷம் தெரியும், என்ன தெரியும், எல்லாத்தையும் சொல்லு. சீட்டு வேண்டாம், மிஸ் கால்டர் வேண்டாம். உன் வாயால."

"என்னை உள்ள விடுவாங்களா?"

"விடுவாங்க. வாசல்ல நின்னு குரல் குடுத்து உள்ள அழைக்கறது என் வேலை. அழைப்பேன். அப்புறம் சாப்பாடு போடுவோம். யாரும் பசியோட திரும்பற வழக்கம் எங்க கூடத்துல கிடையாது."

ஐரிஸ் கையை எடுத்தார். கண் சிவந்து, ஏதோ ஒரு சின்ன நம்பிக்கையோடு நிமிர்ந்தார். "அப்புறம், மெரே?"

மெரேயானா தாத்தாவை மறுபடி மார்போடு அணைத்துக்கொண்டு கதவுவரை போனார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"உன் பக்கத்துல வேற யாராவது உட்காருவாங்க."